அஷ்டாவதானிக்குப் பின்னால் உட்காராதே

"ஒரே நேரத்துல நாலு வேலை பார்க்குற தலைமுறை சார் இது. நம்மள மாதிரி இல்ல, எல்லாரும் அஷ்டாவதானிங்க!" கல்லூரி விழா ஒன்றில் பிளேஸ்மென்ட் பயிற்சியாளர் இப்படி முழங்கினார். கைதட்டிய மாணவர்களில் பாதிப் பேர் போனில் இருந்தார்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் அவதான லட்சணம்.

1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர் இதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தது நல்லதுதான். எத்தனை பேர் இடைமறித்தாலும் விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பவர் அவதானி. நம் பிள்ளையோ ரீல்ஸிலிருந்து நிமிர்ந்தால், நடப்பது எந்தப் பாடம் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறான்.

கனடாவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2013-இல் வெளியானது. முக்கால் மணி நேரம் வானிலையியல் பாடம், உடனே தேர்வு. பாடத்தின் நடுவே மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்கள் 11 சதவீதப் புள்ளி பின்தங்கினார்கள். அது அவர்கள் தலையெழுத்து. பேனாவும் தாளுமாக ஒழுங்காகக் குறிப்பெடுத்த பின்வரிசைப் பையன் என்ன பாவம் செய்தான்? முன்னால் இருந்தவனின் திரை கண்ணில் பட்ட குற்றத்துக்கு அவனுக்குப் போனது 17! மேய்ந்தவனுக்கு 11, பார்த்தவனுக்கு 17. இதற்குப் பெயர் திறமையாம்.

பழகினால் வந்துவிடும் என்பார்கள். 2009-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஒரே நேரத்தில் பலதையும் பார்ப்பதிலேயே ஊறியவர்கள்தான் வேலை விட்டு வேலை தாவுவதில் அதிகம் தடுமாறினார்கள்.

கல்லூரிகள் மட்டும் யோக்கியமா? வகுப்பு நடக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும், 'பத்து நிமிடத்தில் கூகுள் ஃபார்ம் நிரப்பவும்.' பாடம் எடுப்பவரோ பாதி நேரம் நாக் (NAAC) தர ஆய்வுக்குக் கோப்பு தயாரிக்கிறார். ரெஸ்யூமில் 'மல்டிடாஸ்கிங்' என்று எழுதச் சொல்கிறார்களே, ஒரு சம்பளத்துக்கு இரண்டு பேர் வேலை வாங்கத்தானே? வீட்டிலும் இதே தந்திரம்தான். 'பொம்பளைங்களுக்கு இது கைவந்த கலை' என்று புகழ்ந்தே அடுப்பு, பிள்ளை, ஆபீஸ் மூன்றையும் ஒருத்தி தலையில் கட்டியாகிவிட்டது.

பின்வரிசைப் பையனும் முழு ஃபீஸ்தான் கட்டியிருக்கிறான். போன 17-க்கு நஷ்டஈடு கேட்டுப் போனால், அதற்கும் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புவார்கள், வகுப்பு நேரத்தில்.