எடை கொடுப்பது எண்ணை வளைப்பதல்ல

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) பதில் சொன்னவர்களுக்கு வேறுவேறு எடை கொடுத்திருப்பதை எண்ணை வளைக்கும் வேலை என்கிறார் ஒரு கட்டுரையாளர்; ஆளுக்கு ஒன்று என்று எண்ணுவதே நேர்மை என்பது அவர் வாதம். எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. 707 மாவட்டங்களுக்கும் தனித்தனி மதிப்பீடு தர வேண்டியிருந்த ஆய்வு இது. 2011 கணக்கெடுப்பில் சுமார் எட்டாயிரம் பேரே இருந்த திபாங் பள்ளத்தாக்கு என்ற மலைமாவட்டத்திலும் போதுமான வீடுகளின் கதவைத் தட்டியாக வேண்டும். 59 லட்சம் பேர் இருந்த சமவெளி மாவட்டமான பிரயாக்ராஜில் அதே விகிதத்தில் தட்டுவது நடக்காத காரியம். கிடைத்த பதில்களை அப்படியே கூட்டினால் மலைமாவட்டத்துப் பெண் ஒருத்தியின் ரத்தசோகை, சமவெளியில் பல நூறு பெண்களுடையதை மறைத்துவிடும். தேர்வாகும் வாய்ப்பு குறைந்தவருக்குக் கூடுதல் எடை, பதில் கிடைக்காத வீடுகளுக்கு ஒரு சரிக்கட்டல்: கணக்கு இவ்வளவுதான்.

ஊர்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட பட்டியல், அதாவது சட்டகம், 2011 கணக்கெடுப்பைச் சேர்ந்தது, பழையது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் தேர்வான ஒவ்வொரு ஊரிலும் முதலில் வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டு, பிறகே 22 வீடுகளை எடுத்தார்கள். ஊர் பெருத்திருந்தால் அந்த 22 வீடுகளின் எடையும் கூடும். கிராமம் என்று பதிவாகி இன்று நகரமாகிவிட்ட ஊரின் வகைப்பாட்டை இது திருத்தாது, உண்மை. அந்தக் குறைக்கு மருந்து புதிய கணக்கெடுப்பு; எடையைத் தூக்கி எறிந்தால் பழைய பிழை அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்றும் சேரும்.