உப்பளத்தாரின் கால்கள்



விடியுமுன்னரே உப்பளத்துக்குப் புறப்பட்டு, வெயிலேறும்வரை பாத்தி நீரில் நின்றபடியே உப்பு வாருகிற நம் தூத்துக்குடிச் சீமைத் தொழிலாளர்களின் கெண்டைக்காலைச் சற்றே குனிந்து நோக்குவோர்க்கு, கயிறுபோல் முறுக்கிப் புடைத்த நாளங்களும், கணுக்காலின் உட்புறத்தே கறுத்துத் தடித்த தோலும், மாதக்கணக்கில் ஆறாத புண்ணும் தென்படக்கூடும். உப்புநீர் தோலைப் புண்படுத்துவது மெய்யே. ஆயினும், மேலேறிய இரத்தம் கீழிறங்காதபடி தடுக்கும் வால்வுகள் தளர்ந்து, அது காலிலேயே தேங்குவதும் மூலகாரணமாதல் கூடும் என்பதை உணராமல், களிம்பு தடவியே காலங்கழிக்கிறார்கள்.

இதனினும் அபாயகரமானது, ஆழத்திலுள்ள நாளத்தில் இரத்தம் உறைந்துவிடுவது. சத்திர சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ பின் அசையாது படுத்திருப்போருக்கு இது நேரக்கூடும். பிள்ளை பெற்றவளை எழுந்து நடமாடவிடாத வழக்கத்தை நம் வீடுகள் இனியேனும் கைவிட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், எண்ணெயிட்டு உருவிவிடலாகாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே போக்கிவிடக்கூடும். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் கண்டால் கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். காலத்தே சென்றால் ஹெப்பாரின், வார்ஃபரின் முதலிய மருந்துகளால் பிழைக்க வழியுண்டு.

உப்பளங்களில் வைத்திய முகாம் நடத்தும் சுகாதார அதிகாரிகள், கண்ணைச் சோதிப்பதோடு காலையும் சோதித்து, அழுத்தக் காலுறைகளை இலவசமாய் வழங்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஆழ்வார்திருநகரி