துகளுக்கு அடையாளம் உண்டா?

கோவைக்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் பெருமளவில் விளைகிறது. அறுவடைக்காலத்தில் களத்தில் குவிந்துகிடக்கும் வெங்காயங்கள் காண்போர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், ஒன்றன் தோலில் மையால் புள்ளியிட்டுக் குவியலில் எறிந்தால், பொறுமையுடையோர் அதனைத் தேடி எடுத்துவிடலாம். புள்ளி இடாவிட்டாலும் அது அதுவே. பட்டறையில் அடைபட்டாலும் சந்தைக்குச் சென்றாலும் அது மற்றொரு வெங்காயம் ஆகிவிடுவதில்லை.

நியூட்டனின் இயக்கவியல் துகள் என்று கூறுவது இத்தகைய பொருளையே. ஒவ்வொரு கணத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஒரு திசைவேகம் உண்டு. ஆகவே ஒரு பாதையும் உண்டு. வேறுபாடே தெரியாத இரு கோலிக்குண்டுகள் மோதிப் பிரிந்தாலும், அவை உருண்ட பாதையைக் கண்டே எது எவருடையது எனச் சிறுவர்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்கின்றனர்.

எலக்ட்ரானையும் துகள் என்றே அழைக்கிறோம். இடர்ப்பாடு இங்குத் தொடங்குகிறது. படங்களில் அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் வண்ண மணிகளாக வரையப்படுகின்றன. அவை மிகச் சிறியவை. அதனால் விந்தையாக நடந்துகொள்கின்றன என்பது வழக்கமான விளக்கம். அது போதாது. ஒரு வெங்காயத்தை எத்துணைச் சிறிதாக்கி எண்ணிப் பார்த்தாலும் அது எலக்ட்ரான் ஆகிவிடாது. குவாண்டம் இயக்கவியலில் எலக்ட்ரானுக்குத் தொடர்ந்து பின்பற்றத்தக்க பாதை இல்லை. இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கிப் பிரிந்தபின் எது எது என்னும் வினாவுக்கு விடையும் இல்லை. விடை நமக்குத் தெரியவில்லை என்பதன்று. வினாவே அங்குப் பொருளற்றது.

இதனை மெய்யியல் வாதமாகக் கருதிக் கடந்துவிட வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தே அறியலாம். இரண்டு வெங்காயங்கள், இரண்டு கூடைகள். கண்ணை மூடிக்கொண்டு இடுக. இரண்டும் முதற்கூடையில், இரண்டும் அடுத்த கூடையில், கூடைக்கொன்றாக, இடம்மாறிக் கூடைக்கொன்றாக என நான்கு விதங்கள் உண்டு. எனவே இரண்டும் ஒரே கூடையில் சேரும் வாய்ப்பு பாதி. வெங்காயங்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும் இக்கணக்கு மாறாது.

கூடைக்குப் பதிலாகக் குவாண்டம் நிலைகளையும் வெங்காயத்திற்குப் பதிலாக ஒளித்துகள்களையும் கொள்க. இடம்மாற்றம் என்பதற்கு இங்குப் பொருளில்லை. ஆகவே மூன்றே விதங்கள். ஒன்றுசேரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காக உயர்கிறது. 1924ஆம் ஆண்டு டாக்காவில் பணியாற்றிய சத்தியேந்திர நாத் போஸ் ஒளித்துகள்களை இம்முறையில் எண்ணிக் கட்டுரை எழுதினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச்செய்தார். எலக்ட்ரான்களின் போக்கோ நேர்மாறானது. ஒரு நிலையில் ஒன்றுக்குமேல் நில்லாது. இரண்டு கூடைக்கு ஒரே ஒரு விதம். ஃபெர்மியும் டிராக்கும் 1926இல் இக்கணக்கை வகுத்தனர்.

இக்கணக்கு தமிழகத்திற்கு வந்த வரலாறு சுவையானது. 1928இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைக் கற்றுத் தேர்ந்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரை நேரிற் கண்டார். அந்நூலின் இயற்பியல் பழையதாகிவிட்டது என அதன் ஆசிரியரே கூறக்கேட்ட மாணவரின் நிலையை எண்ணிப்பார்க்கலாம். சோமர்ஃபெல்டு, புதிய எண்ணும் முறையை உலோக எலக்ட்ரான்களுக்குப் பொருத்தித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியையும் அவரிடம் அளித்தார். 1930இல், தம் பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் சந்திரசேகர் அம்முறையைச் சார்பியலோடு இணைத்து வெண்குறு விண்மீன்களுக்குப் பொருத்தினார். எரிபொருள் தீர்ந்த அவ்விண்மீன்களைச் சுருங்கவிடாமல் தாங்குவது வெப்பமன்று. ஒரே நிலையில் நிற்க மறுக்கும் எலக்ட்ரான்களின் அழுத்தம். ஆயினும் நிறை ஒரு வரம்பை மீறினால் அவ்வழுத்தமும் போதாது. இன்றைய கணக்கில் அவ்வரம்பு சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கூடையில் இட்டு எண்ணும் கணக்கிலிருந்து விண்மீனின் முடிவுவரை ஒரே நூல் ஓடுகிறது. இதற்கு உயர்கணிதம் வேண்டுமே எனச் சிலர் தயங்குவர். விண்மீனின் நிறையைக் கணக்கிட அது வேண்டும்தான். எலக்ட்ரானுக்குத் தனி அடையாளம் இல்லை என்பதை உணர, வரிசை மாற்றமும் சேர்மானமும் கற்கும் பதினோராம் வகுப்பு மாணவரின் கணக்கே போதும். வண்ணமணிப் படத்தை முதலிற் பதியவைத்து, பின்னர் அது பிழையென்று சொல்வதைவிட, எண்ணும் முறையை முதலில் வைப்பதே நேர்மையான வழி. அதற்காக நியூட்டனைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. தென்னையிலிருந்து விழும் காய் அவர் சொற்படியே விழுகிறது.

இவ்வாறு கற்கும் வகுப்பில் ஒரு வினா எழாமல் இராது. வெங்காயமும் எலக்ட்ரான்களால் ஆனதுதானே. அடையாளமற்றவற்றால் ஆன பொருளுக்கு அடையாளம் எங்கிருந்து வந்தது? ஓர் எலக்ட்ரானை மற்றொன்றோடு மாற்றினால் எதுவும் மாறுவதில்லை. கோடானுகோடி அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையோ ஒரு வெங்காயத்தில் உள்ளவாறு மற்றொன்றில் இல்லை. தோலில் இட்ட மைப்புள்ளியும் அத்தகையதோர் அடுக்கே.