மலை ஓட்டுப் போடவில்லை

எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூகிள் மீட்டில் கூடும். எட்டுப் பேர், பெரும்பாலும் ஐடிக்காரர்கள். போன மாதம் பண்டைய கிரேக்கம். நண்பர் ஒருவர் இருபது நிமிடம் பேசினார். அவர் பேச்சின் சாரம் இது: "கிரீஸ் முழுக்க மலை. அதனால ஊர் ஊராப் பிரிஞ்சு நகர அரசு ஆச்சு. மண்ணு சரியில்ல, அதனால கடலுக்குப் போனாங்க. போன இடத்துல புதுப்புது ஆளுங்களப் பாத்தாங்க, அதனால கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க, தத்துவம் வந்துச்சு. வெயில் நல்லா அடிக்கும், அதனால வெளியில உக்காந்து பேசினாங்க, ஜனநாயகம் வந்துச்சு. அவ்ளோதான் பாஸ், எல்லாம் ஜியாகிரபி."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிலம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏதென்ஸ் நகரம் இருக்கும் அட்டிகா பகுதியில் மழை குறைவு, மண் மெலிது. அங்கே கோதுமையைவிட வாற்கோதுமையைத்தான் நம்பிப் பயிரிட முடியும். ஆகவே சாதாரண ஏதென்ஸ்காரரின் தட்டில் வாற்கோதுமை மாவைப் பிசைந்து செய்த மாஸா இருந்தது. ஆலிவ் மரம் பாறைச் சரிவிலும் பிழைத்துக்கொள்ளும். அதன் எண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் ஆனது, உடற்பயிற்சிக்கூடத்தில் உடம்பில் பூசிக்கொள்ளவும் ஆனது. குளிர்காலத்தில் கடல் சீறும், கப்பல்கள் பெரும்பாலும் கரையில் கிடக்கும். ஒலிந்தஸ் நகரைத் தோண்டியபோது தெற்கு பார்த்த தாழ்வாரமும் முற்றமுமாக வீடுகள் வரிசையாகக் கிடைத்தன. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் அறைக்குள் விழும், கோடையில் உச்சிவெயிலைக் கூரை மறைக்கும். சாக்ரடீஸ் இப்படிப்பட்ட வீட்டமைப்பைப் பரிந்துரைத்ததாக செனபோன் எழுதிவைத்திருக்கிறார். ஏதென்ஸின் நாடக அரங்கம் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்தது. சரிவுதான் கேலரி.

சாப்பாடு, வீடு, பயணம், திருவிழா எல்லாவற்றிலும் நிலத்தின் கைரேகை இருக்கிறது. அதில் சண்டை இல்லை. நண்பரின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த 'அதனால' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

மலையை எடுத்துக்கொள்வோம். மலைகள் பிரித்ததால் தனித்தனி நகர அரசுகள் என்பது பள்ளிப் பாடத்திலிருந்தே நாம் கேட்டு வளர்ந்த விளக்கம். அப்படியானால் அட்டிகா ஏன் ஒரே அரசாக இருந்தது? சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். நடுவில் ஹைமெட்டஸ், பென்டெலிக்கான், ஐகலியோஸ் என்று மலைகள். மாரத்தான் ஒரு பக்கம், எலூசிஸ் இன்னொரு பக்கம். ஆனால் எல்லோரும் ஏதென்ஸ் குடிமக்கள். கெயோஸ் தீவையும் பாருங்கள். 150 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் நான்கு நகர அரசுகள்! லெஸ்போஸ் தீவில் ஐந்து. பியோஷியாவின் சமவெளியிலும் பல நகர அரசுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மலை இருக்கும் இடத்தில் ஒன்று, சமவெளியில் பல. இந்த லாஜிக்கை நான் கோடாக எழுதியிருந்தால் முதல் டெஸ்ட்டிலேயே விழுந்திருக்கும்.

ஸ்பார்ட்டாவின் கதை இன்னும் மோசம். அதன் மேற்கே 2,400 மீட்டர் உயரத்துக்கு டேகெட்டஸ் மலை சுவர்போல நிற்கிறது. மலைதான் மக்களைப் பிரித்தது என்றால் அந்தப் பக்கம் இருந்த மெசீனியா தப்பித்திருக்க வேண்டுமே? தப்பிக்கவில்லை. ஸ்பார்ட்டாக்காரர்கள் மலையைத் தாண்டிப் போய் அந்த வளமான நிலத்தைப் பிடித்தார்கள். அங்கே இருந்தவர்களை 'ஹெலட்' என்ற பண்ணையடிமைகளாக்கி, அவர்கள் விளைவித்ததைத் தின்றுகொண்டு போர்ப்பயிற்சி செய்தார்கள். கி.மு. 369-இல் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் படையோடு வந்த பிறகுதான் மெசீனியாவுக்கு விடுதலை. அதற்காக மலை ஒன்றும் நகர்ந்துவிடவில்லை.

அடுத்து மண். மண் மெலிது என்பதற்கு ஏதென்ஸ் முதலில் கண்டுபிடித்த தீர்வு வணிகமும் அல்ல, தத்துவமும் அல்ல. கடன் அடிமைமுறை. விளைச்சல் பொய்த்த விவசாயி தன் உடம்பையே அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். கட்ட முடியாதவர்கள் அடிமையாக விற்கப்பட்டார்கள், சிலர் வெளிநாட்டுக்கே போனார்கள். கி.மு. 594 வாக்கில் சோலன் வந்து உடம்பை அடமானம் வைப்பதைத் தடை செய்தார், கடன்களை ரத்து செய்தார். ஆலிவ் எண்ணெய் தவிர வேறு விளைபொருள் எதையும் ஏற்றுமதி செய்யக்கூடாது என்றும் சட்டம் போட்டதாக புளூட்டார்க் சொல்கிறார். சோலனுக்கு முந்தைய ஆண்டும் அதே மண், பிந்தைய ஆண்டும் அதே மண். மாறியது சட்டம் மட்டும்தான்.

ஹெசியட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அவருடைய அப்பா வறுமையிலிருந்து தப்பிக்கக் கடல் தாண்டி வந்து அஸ்க்ரா என்ற ஊரில் குடியேறினார். அந்த ஊரின் குளிரையும் வெக்கையையும் ஹெசியட் வாய்விட்டுத் திட்டுகிறார். ஆனால் அவருடைய உண்மையான கோபம் வானிலை மீதல்ல. பங்கில் ஏமாற்றிய சகோதரன் மீதும், லஞ்சம் வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்ன பெரிய மனிதர்கள் மீதும்தான். மோசமான நிலத்தில் வாழ்ந்தவனுக்கே தெரிந்திருக்கிறது, எது நிலத்தின் குற்றம், எது மனிதனின் குற்றம் என்று. இன்னொரு தகவல்: கிரேக்கர்கள் எல்லோரும் பிறவிக் கடலோடிகள் என்று நினைக்கிறோம் அல்லவா? தான் கப்பல் ஏறியதே ஒரே ஒரு தடவை என்கிறார் ஹெசியட். அதுவும் ஆலிஸ் துறையிலிருந்து எதிரே தெரியும் யூபியா தீவுக்கு. இடையில் இருப்பது ஒரு குறுகிய நீரிணை.

சரி, கடல்? இரண்டு கடல்களுக்கும் துறைமுகம் வைத்திருந்த நகரம் கொரிந்த். நிலப்பாலத்தின் குறுக்கே பாதை போட்டுக் கப்பல்களையே இழுத்துச் சென்ற ஊர். கடல் ஜனநாயகத்தைத் தரும் என்றால் அது கொரிந்துக்குத்தான் முதலில் தந்திருக்க வேண்டும். அங்கே முதலில் சர்வாதிகாரிகள், பிறகு நெடுங்காலம் சில பணக்காரக் குடும்பங்களின் ஆட்சி. பிளேட்டோ கடலைப் பார்த்துப் பயந்தவர். தன் கடைசி நூலில் கற்பனை செய்த நகரத்தைக் கடலிலிருந்து தள்ளியே வைத்தார். பக்கத்தில் கடல் இருந்தால் வியாபார புத்தி வந்து மக்கள் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கட்சி. ஒரே கடல்தான். ஒருவருக்கு வாசல், இன்னொருவருக்கு நோய்.

ஏதென்ஸின் கடல் வலிமை எப்படி வந்தது என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. கி.மு. 483 வாக்கில் லாரியன் சுரங்கத்தில் பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. தெமிஸ்டோகிளிஸ் எழுந்து, வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார். மக்கள் சபை ஒத்துக்கொண்டது. மூன்றே ஆண்டில் சலாமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படையைத் தோற்கடித்தது அந்தக் கப்பல்கள்தான். ஒரு கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள், பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். நகரம் தங்கள் தோளில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் சபையில் குரலை உயர்த்தினார்கள். வெள்ளியைக் கொடுத்தது நிலம்தான். ஆனால் சபை மட்டும் பத்து டிராக்மா பக்கம் சாய்ந்திருந்தால்? வெள்ளி கைச்செலவுக்குப் போயிருக்கும். நாம் இன்று வேறு ஏதோ ஊரின் 'ஜியாகிரபி'யைப் புகழ்ந்துகொண்டிருப்போம்.

அந்த வெள்ளியை வெட்டி எடுத்தது யார்? அடிமைகள். நிக்கியாஸ் என்ற ஏதென்ஸ் தளபதி ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓபல். ஸ்பார்ட்டா கி.மு. 413-இல் அட்டிகாவுக்குள் நிரந்தர முகாம் போட்டபோது 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனதாக துசிடிடீஸ் கணக்குச் சொல்கிறார். 'நிலம் வெள்ளி தந்தது' என்று எழுதினால் இவ்வளவு பேரும் அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்கள். நிலவியல் விளக்கத்தில் எனக்குப் பெரிய பயமே இதுதான். அதில் எழுவாய் எப்போதும் மண், மலை, கடல். மனிதர்கள் வெறும் விளைவு.

வெயிலும் அப்படித்தான். 'வெளியில உக்காந்து பேசினாங்க' என்றாரே நண்பர், யார் உட்கார்ந்தார்கள்? செனபோன் ஒரு நூலில், பெண்ணின் இயல்பைக் கடவுள் வீட்டுக்குள்ளான வேலைக்காகவே படைத்தார் என்று ஒரு ஏதென்ஸ் கணவனைப் பேச வைக்கிறார். அதே செனபோன் இன்னொரு நூலில், ஸ்பார்ட்டாவில் பெண்களும் ஓட்டப்பந்தயத்திலும் வலிமைப் போட்டியிலும் இறங்கியதைப் பாராட்டுகிறார். ஏழை வீட்டுப் பெண்கள் வெளியே போவதை எப்படித் தடுக்க முடியும் என்று அரிஸ்டாட்டில் கேட்கிறார். இரண்டு ஊருக்கும் ஒரே சூரியன்தான். யார் வெயிலில் நிற்கலாம் என்பதைச் சட்டமும் வழக்கமும் வறுமையும் தீர்மானித்தன.

சரி, பழைய கதை, இதில் நமக்கென்ன வந்தது? வந்தது. இந்த நிலவியல் விளக்கத்தை உருவாக்கியவர்களே கிரேக்கர்கள்தான். 'காற்று, நீர், இடம்' பற்றிய ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல் ஒன்று, பருவங்கள் பெரிதாக மாறாததால் ஆசியர்கள் கோழைகள் என்கிறது. அரிஸ்டாட்டில் ஒரு படி மேலே போனார். குளிர்நாட்டு ஐரோப்பியர்களுக்கு வீரம் உண்டு, அறிவு குறைவு. ஆசியர்களுக்கு அறிவு உண்டு, வீரம் இல்லை, ஆகவே அடிமைகளாகவே இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கிரேக்கர்களுக்கு இரண்டும் உண்டு! தான் பிறந்த ஊரே சரியான வெப்பநிலை என்று நினைக்காத ஆள் உண்டா என்ன? 1748-இல் மாண்டெஸ்கியூ இதே சரக்கைப் புதுப்பித்து, வெப்பத்தால் இந்தியர்கள் இயல்பிலேயே துணிவற்றவர்கள் என்று எழுதினார். கிரேக்க மலையைப் பார்த்து 'அதனால் சுதந்திரம்' என்று சொல்லும் அதே வாய், நம் சமவெளியைப் பார்த்து 'அதனால் அடிமைத்தனம்' என்று சொல்லும். முதல் பாதிக்குக் கைதட்டிவிட்டு இரண்டாம் பாதியை மறுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஹிப்போகிரட்டீஸ் நூலே கொஞ்ச தூரத்தில் இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறது: ஆசியர்கள் மன்னராட்சியில் இருப்பதும் ஒரு காரணம், அங்கேயே கொடுங்கோலன் இல்லாமல் வாழ்பவர்கள் நன்றாகப் போரிடுகிறார்கள் என்கிறது. அடித்தளம் போட்டவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் இல்லை.

இது ஏன் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கம்பெனியில், மழைக்காலத்தில் ஒருநாள் ஆறு மணி நேரம் சர்வீஸ் படுத்துவிட்டது. அறிக்கையில் காரணம் என்று எழுதியது: 'கனமழையால் கேபிள் பாதிப்பு.' பொய் இல்லை. ஆனால் மாற்றுக்கு இரண்டாவது லைன் எடுக்கலாமா என்று அதற்கு முந்தைய வருடம் ஒரு மீட்டிங் நடந்தது. செலவு அதிகம், வேண்டாம் என்று முடிவானது. அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். வாயே திறக்கவில்லை. 'மழை' என்று டைப் அடித்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எனக்கும்தான். அன்று ராத்திரி முழுக்க கஸ்டமர்களிடம் திட்டு வாங்கிய சப்போர்ட் டீம் பையன்கள் அந்த அறிக்கையில் ஒரு வரியில்கூட இல்லை.

ஏதென்ஸ் தன் பற்றாக்குறையை மழைமேல் போட்டுவிட்டு உட்காரவில்லை. ஆண்டுக்குப் பத்து முறை, முதன்மை மக்கள் சபைக் கூட்டத்தில் தானிய வரத்து பேசியே ஆக வேண்டிய விஷயமாக இருந்தது. கருங்கடல் பக்கத்திலிருந்து வரும் தானியக் கப்பல் தவறினால் ஊர் பட்டினி. கி.மு. 405-இல் ஈகோஸ்போட்டமியில் கடற்படை அழிந்து அந்த வழி அடைபட்டதும், அடுத்த ஆண்டே பசியில் சரணடைந்தது. மறுபடி எழுந்தது. கி.மு. 322-இல் மாசிடோனியத் தளபதி ஆன்டிபேட்டர், 2,000 டிராக்மா சொத்து இல்லாதவர்களுக்கு அரசியல் உரிமை கிடையாது என்றார். ஆயிரக்கணக்கான ஏழைகள் ஒரே அடியில் வெளியே. அன்றும் மலை அங்கேயேதான் நின்றது, கடல் அடித்தது, வெயில் காய்ந்தது. ஒன்றாலும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் சண்டை போடப்போவதில்லை. அவர் ஸ்லைடை வாங்கி, 'அதனால' வரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி எழுதப்போகிறேன்: யார் முடிவெடுத்தார்கள்? யார் விலை கொடுத்தார்கள்? பிறகு, கையோடு, அந்தப் பழைய அறிக்கையைப் பற்றியும் அவர்களிடம் சொல்ல வேண்டும்.