புதுப்பிப்புச் சீட்டின் சுழற்சி

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் கணினித் துறையினர்க்குரிய பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். எனினும், வலைத்தளங்களிற் புகுந்து கற்கும் யாவரும், தம் பெயரைக்கொண்டு பிறர் உலவாவண்ணம் அமைந்த காவலைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று என்பது என் கருத்து. அன்றியும், அக்காவலின்மீது யான் ஒருகாற் சினங்கொண்டவன். அச்சினம் பொருத்தமற்றது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதிற் கட்டுரையொன்றை எழுதிக்கொண்டிருக்கையில், யான் புகுந்திருந்த தளம் திடீரென என்னை வெளியேற்றிக் கடவுச்சொல்லை மீண்டும் கேட்டது. “பிழையொன்றும் செய்யாத என்னை ஏன் ஒறுத்தல் வேண்டும்?” என்று கணினியியல் பயிலும் நண்பரிடம் முறையிட்டேன். அவர் விளக்கிய செய்தி வருமாறு:

கடவுச்சொல்லை ஏற்ற சர்வர் நமக்கு 2 சீட்டுகளை வழங்குகின்றது. ஒன்று ஆக்ஸஸ் டோக்கன் என்னும் அணுகு சீட்டு. மற்றொன்று ரெஃப்ரெஷ் டோக்கன் என்னும் புதுப்பிப்புச் சீட்டு. அணுகு சீட்டைப் பல தளங்கள் அதன் கையொப்பத்தை மட்டும் நோக்கி ஏற்றுக்கொள்ளும். ஆதலின் அதனை இடையிற் செல்லாததாக்குதல் அரிது. அதுபற்றியே 15 நிமிடம் போன்ற குறுகிய ஆயுளை அதற்கு அமைப்பர். அவ்வாயுள் முடிந்தவுடன், புதுப்பிப்புச் சீட்டைக் காட்டி வேறோர் அணுகு சீட்டுப் பெறப்படும். இச்சீட்டோ பல நாள் நிலைப்பது. இதனைக் கவர்ந்தவன், நாம் அறியாமலே பல நாள் நம் பெயரால் உலவுதல் கூடும்.

இத்தீங்கைத் தடுக்க எழுந்ததே சுழற்சி முறை. புதுப்பிப்புச் சீட்டு ஒருமுறை பயன்பட்டவுடன் செல்லாததாகிவிடும். அதற்கு ஈடாகப் புதியதொன்று வழங்கப்படும். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஓஆத் 2.0 விதிநூலாகிய ஆர்.எஃப்.சி. 6749 இம்முறையைக் குறிப்பிட்டது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9700, உலாவியில் இயங்கும் செயலிகளைப் போல மறைபொருளைக் காக்க இயலாதவற்றிற்கு, சீட்டைப் பெற்ற செயலியின் திறவுகோலோடு அதனைப் பிணைத்தல், சுழற்சி ஆகிய இரண்டில் ஒன்று கட்டாயம் என வரையறுத்தது.

நிற்க. சீட்டை மாற்றுவதனால் மட்டும் காவல் நிறைவுறாது. கள்வன் முந்திச்சென்று புதுச்சீட்டைப் பெற்றுவிட்டான் எனக் கொள்வோம். பின்னர்ப் பழஞ்சீட்டோடு வரும் உரியவரை மட்டும் மறுத்துக் கள்வனை உள்ளே இருக்கவிடுதல் எத்துணைப் பேதைமை! ஆகவே, பயன்பட்ட சீட்டு மீண்டும் வருமாயின், அதன் வழிவந்த சீட்டுக் குடும்பம் முழுவதையும் ஒழித்தல் வேண்டும். முந்தியவர் யாவராயினும், பிந்தி வருவோர் கையிலிருப்பது பழஞ்சீட்டே. ஆதலாற் களவு வெளிப்படும். இருவருள் உரியவர் யாவர் எனச் சர்வர் அறியாது. எனவே இருவரையும் வெளியேற்றுகின்றது. கடவுச்சொல் அறிந்தவர் மீண்டும் புகுவார். அறியாதவன் வாயிலில் நிற்பான்.

இதனை அமைப்போர் சிலவற்றை மறத்தலாகாது. பயன்பட்ட சீட்டின் பதிவைத் தரவுத்தளத்தினின்றும் உடனே அழித்துவிடுவாருளர். அது சாட்சியைக் கொன்றுவிடுதல் போலும். பழஞ்சீட்டு மீண்டும் வரும்பொழுது அது எக்குடும்பத்தைச் சார்ந்ததென அறிய வழியிராது. பழையதைப் பயன்பட்டதெனக் குறித்தலும் புதியதைப் பதிதலும் பிரிவற்ற ஒரே செயலாக நிகழ்தல் வேண்டும். தரவுத்தளத்திற் சீட்டை அவ்வாறே வையாது, அதன் ஹாஷ் மதிப்பை மட்டும் வைத்தல் வேண்டும். உலாவியிலோ, ஜாவாஸ்கிரிப்ட் படிக்கவொண்ணாத குக்கியில் வைத்தல் நன்று. உரியவர் மீண்டும் வாராராயின் களவு வெளிப்படாது. ஆதலின் எத்துணை முறை புதுப்பிப்பினும் குடும்பத்திற்கு இறுதி நாளொன்று இருத்தல் இன்றியமையாதது.

“ஒரே தளத்தை இரண்டு தாவல்களில் திறந்தவரும், விடை வருமுன் இணைப்பு அறுந்தவரும் கள்வரெனக் கருதப்படுவரே” என்பர் சிலர். உண்மையே. ஆயினும், அதற்குப் பரிகாரம் காவலைக் கைவிடுதலன்று. தாவல்கள் அனைத்திற்கும் ஒரு நேரத்தில் ஒரு புதுப்பிப்பு வேண்டுகோளே செல்லுமாறு செயலியைத் திருத்துதலே முறை. பழஞ்சீட்டுக்குத் தவணை அளிப்பினும், அது சில நொடிகளுக்கு மேற்படலாகாது. தவணை நீளுந்தோறும் கள்வனுக்கும் இடம் நீளும்.

அன்று என்னை வெளியேற்றியது கள்வன் வரவோ, யான் திறந்துவைத்த தாவல்களின் போட்டியோ, அறியேன். எதுவாயினும், யான் இழந்தது கடவுச்சொல்லை மீண்டும் எழுதும் அரை நிமிடமே. அந்த அரை நிமிடத்தைப் பொறுக்கமாட்டாத நம்பொருட்டே பல தளங்கள் காவலைத் தளர்த்துகின்றன. ஆதலின், அமைப்போர் குடும்பம் முழுவதையும் ஒழிக்கத் தயங்காதிருப்பாராக. பயன்படுத்துவோராகிய நாமும் அதன்பொருட்டு முணுமுணாதிருப்போமாக.