அரிவாளுக்கு முகவரி கொடுக்கும் அரசு

ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமையும் என்று 2025 அக்டோபர் 17 அன்று முதல்வர் அறிவித்தார். மேசை தட்டியாயிற்று. ஆனால், இந்திய சட்ட ஆணையம் 2012-லேயே தன் 242-ஆவது அறிக்கையில் மசோதா வரைவையே எழுதிக் கொடுத்துவிட்டது. பெரியார் மண் இன்னும் பரிந்துரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இது ஏதோ தென்மாவட்டத்து வியாதி என்று சேலையூர்வாசிகள் நினைக்க வேண்டாம். நம் தாம்பரம் மாநகரக் காவல் எல்லைக்குள், பள்ளிக்கரணையில், 2024 பிப்ரவரி 24 இரவு ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் மனைவியின் அண்ணனும் ஒருவர். இரண்டே மாதத்தில் அந்தப் பெண்ணும் இல்லை.

எல்லோரும் தண்டனையைப் பற்றியே பேசுகிறார்கள். கொலைக்குத்தான் ஏற்கெனவே தூக்கு வரை இருக்கிறதே! நான் கேட்பது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றி. வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த, வயதுவந்த இருவர் மதம் மாறாமல் மணம் செய்ய 30 நாள் காத்திருக்க வேண்டும். பெயர், வயது, முகவரியோடு நோட்டீஸ் சுவரில் தொங்கும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், ஒரு நகல் அங்கேயும் போய்த் தொங்கும். எந்த ஊருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ, அந்த ஊருக்கே அரசுச் செலவில் தகவல்! சேலையூரில் கோடி ரூபாய்க்கு மனை வாங்குகிறவரை இதே பதிவுத் துறை ஒரு மாதம் சுவரில் தொங்கவிடுவதில்லை. இந்த நோட்டீஸ் கட்டாயமல்ல, மணமக்கள் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. இணையத்தில் வெளியிடுவதைக் கேரளம் அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்தியது.

‘பெற்றோரின் உரிமை என்னாவது?’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். பெற்றோர் அழலாம், பேசாமல் இருக்கலாம், சொத்துத் தர மறுக்கலாம். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன உரிமை? ‘நாடகக் காதல்’ பேசுவோருக்குப் பதில் சொல்லி இந்தப் பத்தியை வீணாக்க மாட்டேன்.

தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம், தனிப் பிரிவு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் வழிகாட்டியது. நல்லதுதான். ஆனால் அந்த நோட்டீஸைக் கிழிக்காத எந்தச் சட்டமும் வெறும் காகிதம். கிழித்தால் சில உயிர்களாவது தப்பலாம்.

ஆணையத்தின் முதல் பரிந்துரை அதுவாக இருக்கட்டும். மத்தியச் சட்டம், நாம் என்ன செய்ய என்று கோட்டை கைவிரிக்க முடியாது. திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது அண்ணாவின் அரசு.