சாயத்தண்ணியும் வெறும் வயிறும்

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் பாதையில், ஒரு தோட்டத்து லயத்தின் வாசலில் அண்மையில் சில நிமிடங்கள் நின்றேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் சாயத்தண்ணியோடு இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டாயிற்றா அம்மா?" என்றேன். "இதுதாங்க ஐயா சாப்பாடு" என்றார்.

'கர்ப்பிணிகளே, தேநீரைக் குறையுங்கள்' என்று உபதேசிப்போர் இந்தப் பதிலைக் கேட்டிருக்கவேண்டும்.

உபதேசம் பிழையானதன்று. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. கருச்சிதைவும் நிறைகுறைந்த பிறப்பும் அதன் அச்சம். பல நாட்டு மருத்துவர்கள் 200க்குள் நிற்கச் சொல்கிறார்கள். கடுஞ்சாயமாயின் நான்கைந்து கோப்பைகளில் அந்த எல்லை வந்துவிடும். சாதாரணமாக 5 மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும் கஃபீன், நிறைமாதத்தை நெருங்கும் தாயின் உடலில் 15 மணித்தியாலம் வரை தங்கும். நச்சுக்கொடியைக் கடந்து சேயையும் அடையும். அதைச் சிதைக்கும் ஆற்றல் சேயின் ஈரலுக்கு இன்னும் வந்திராது. போதாததற்கு, மாத்திரையின் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தேநீர் தடுக்கிறது.

"எங்கள் பாட்டி தேநீர் குடித்துத்தானே பத்துப் பிள்ளை பெற்றாள்" என்று வாதிடுவோர் உண்டு. பத்தில் எத்தனை பிழைத்தன என்பதை அந்தப் பெருமிதம் சொல்வதில்லை.

ஆயினும் குற்றவாளி கோப்பை மட்டுமா? தோட்டப்புறத்தில் நிறைகுறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் தேசிய சராசரியிலும் அதிகம் என்பதை அரசின் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீடே காட்டுகிறது. அதற்குத் தாயின் பட்டினியும் இரத்தச்சோகையும் ஓயாத உழைப்பும் முதற் காரணங்கள். பசியை அடக்க அவருக்குக் கிடைத்த மலிவான பொருள் தேயிலைத் தூள். அதையும் பறித்துவிட்டு வெறுங்கையைக் காட்டுவது சுகாதாரப் போதனையாகாது.

இதே தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அந்தப் பெருமையைக் காட்ட ஹந்தானையில் நூதனசாலை இருக்கிறது. கொழுந்து பறிப்பவரின் வயிற்றுப் பிள்ளைக்கு, மலைக்குப் போகுமுன் ஒரு வேளைச் சோறில்லை.

காலையில் பாலும் முட்டையும் கொடுங்கள். பாரம் சுமப்பதிலிருந்து விடுவியுங்கள். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கும்படி தமிழில் பேசும் மருத்துவமாதைக் கொண்டு சொல்லுங்கள். அதன்பின் தேநீரைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாய் கேட்பார்.